துப்பாக்கித் தடை உத்தரவு இருக்கும்போது துப்பாக்கி வாங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடும்ப நீதிமன்றங்களுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பு உதவிக்காகச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் துணையிடமிருந்து விலகி இருக்கச் சொல்லும் பாதுகாப்பு உத்தரவை (தடை உத்தரவு என்றும் சொல்வார்கள்) வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஆட்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒருவர் உத்தரவை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கிட்ட போகக் கூடாது, அவ்வளவுதானே அக்கா?" என்றார். வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, வாங்கக் கூடாது, வாங்க முயலவும் கூடாது என்று ஒரு பத்தி முழுக்க இருந்தது. அந்தப் பக்கம் வரை அவர் போகவே இல்லை.

அந்தப் பத்தியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். சொல்வது எல்லாம் அமெரிக்கச் சட்டம். உங்கள் வழக்கில் என்ன செய்வது என்பதை உங்கள் உத்தரவைக் கையில் வைத்துப் படிக்கும் வக்கீல்தான் சொல்ல முடியும்.

இது குடும்பச் சண்டை சம்பந்தப்பட்ட உத்தரவு. துப்பாக்கி எங்கிருந்து வந்தது இதில்?

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் ஒரு துப்பாக்கி சேர்ந்துவிட்டால் அடி கொலையாக மாறும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1994-இல் சட்டத்தைத் திருத்தியது அதனால்தான். கணவன், மனைவி, சேர்ந்து வாழ்ந்தவர், அல்லது அவர்களின் பிள்ளை ஆகியோரைக் காக்க நீதிமன்றம் போடும் சில வகைப் பாதுகாப்பு உத்தரவுகளின் கீழ் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், என்றானது. சட்டப் புத்தகத்தில் இது 18-ஆம் தொகுப்பு, பிரிவு 922(ஜி)(8). இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. ஆக, ஒரே துப்பாக்கிக்கு இரண்டு அரசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

உத்தரவு சிவில் வகையைச் சேர்ந்தது. அது கையில் வந்ததால் மட்டும் நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. அதை மீறி வாங்கும்போதுதான் விஷயம் கிரிமினல் பக்கம் தாண்டுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்துவிடும்.

எல்லாத் தடை உத்தரவுக்கும் இந்தத் துப்பாக்கித் தடை தானா வந்துடுமா?

ஃபெடரல் தடை தானாக வருவதற்கு மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, உங்களுக்கு முறையாகத் தகவல் தந்து, நீங்கள் வந்து பேச வாய்ப்பளித்த விசாரணைக்குப் பிறகு உத்தரவு வந்திருக்க வேண்டும். இரண்டு, துணையையோ பிள்ளையையோ துன்புறுத்துவது, பின்தொடர்வது, மிரட்டுவது கூடாது என்று அது தடுக்க வேண்டும். மூன்று, நீங்கள் அவர்களின் உடலுக்கு உண்மையான அச்சுறுத்தல் என்று நீதிபதி கண்டறிந்திருக்க வேண்டும். அல்லது அவர்கள் மீது பலாத்காரம் கூடாது என்று உத்தரவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருடன் தகராறு, ஆபீஸ் சண்டை போன்றவற்றுக்காக வரும் உத்தரவு இந்த ஃபெடரல் பிரிவுக்குள் வராது. சேர்ந்து வாழாத காதலருக்கு எதிரான உத்தரவும் பொதுவாக இதில் வராது. அதனால் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. மாநிலச் சட்டம் பல இடங்களில் இதைவிட அகலமானது. கலிஃபோர்னியாவில் மேலே சொன்ன பக்கத்து வீட்டு வகை உத்தரவுக்கும் துப்பாக்கித் தடை உண்டு.

விசாரணையே இன்னும் நடக்கல. தற்காலிக உத்தரவுதான் வந்திருக்கு. இப்பவே போய் ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுப் போட்ட தற்காலிக உத்தரவு, மேலே சொன்ன முதல் நிபந்தனையால், பொதுவாக ஃபெடரல் பிரிவுக்குள் வராது என்பது உண்மை. ஆனால் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் தற்காலிக உத்தரவு கையில் கிடைத்த நொடியிலிருந்தே தடை உண்டு. இருக்கும் துப்பாக்கியை 24 மணி நேரத்துக்குள் போலீஸிடமோ லைசென்ஸ் உள்ள கடையிடமோ ஒப்படைத்து, அந்த ரசீதை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உத்தரவு வந்த பிறகு, வாய்தாவுக்கு முன்னால் துப்பாக்கி வாங்கினீர்கள் என்று தெரிந்தால் நீதிபதி அதை எப்படி எடுத்துக்கொள்வார்? நிரந்தர உத்தரவு வேண்டும் என்று கேட்பவருக்கு அதைவிடப் பெரிய சாட்சியம் நீங்கள் தேடித் தர முடியாது.

சரி, மீறி வாங்கிட்டா எத்தனை வருஷம்?

ஃபெடரல் சட்டத்தில் அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. 2022 ஜூன் வரை 10 ஆண்டாக இருந்ததை அந்த மாதம் இரு கட்சிகளின் ஆதரவோடு வந்த சட்டம் 15 ஆக்கியது. அபராதம் 2,50,000 டாலர் வரை போகலாம். அதிகபட்சத்தை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. முன்வழக்கு, என்ன துப்பாக்கி, அதை வைத்து என்ன செய்தார் என்று பார்த்து முடிவு செய்வார்கள். ஆனால் ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு வருடத்துக்கு 54 நாள் வரை கழியும்.

மாநிலத் தண்டனை இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில், தடை இருப்பது தெரிந்தே வாங்கினால் அல்லது வாங்க முயன்றால் மாவட்டச் சிறையில் ஓராண்டு வரை, அல்லது கடுங்குற்றமாக நடத்தி மாநிலச் சிறை. அதோடு 1,000 டாலர் வரை அபராதம். டெக்சஸில் பாதுகாப்பு உத்தரவின் கீழ் துப்பாக்கி வைத்திருப்பது ஏ வகுப்புச் சிறுகுற்றம்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். இது போக, உத்தரவை மீறியதற்கான வழக்கு தனி. துப்பாக்கியும் பறிமுதல்.

எல்லாவற்றையும்விட நீண்ட காலம் ஒட்டிக்கொள்வது வேறு ஒன்று. இரண்டு வருட உத்தரவை மீறி ஃபெடரல் தண்டனை பெற்றால், அந்தத் தண்டனையே உங்களைக் கடுங்குற்றவாளி ஆக்கும். கடுங்குற்றவாளிக்குத் துப்பாக்கித் தடை வாழ்நாள் முழுக்க. காத்திருந்தால் இரண்டு வருடத்தில் தீர்ந்திருக்கும்.

கடையில போய்க் கேட்டா என்ன நடக்கும்? அவங்களுக்கு என் குடும்ப வழக்கு எப்படித் தெரியும்?

லைசென்ஸ் உள்ள கடையில் 4473 என்று ஒரு படிவத்தை முன்னால் வைப்பார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி. அப்புறம் ஆம், இல்லை என்று வரிசையாகக் கட்டங்கள். அதில் ஒரு கேள்வி நேராகவே கேட்கும்: துணையையோ பிள்ளையையோ துன்புறுத்துவதிலிருந்து, பின்தொடர்வதிலிருந்து, மிரட்டுவதிலிருந்து உங்களைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா? கீழே, பொய் சொல்வது ஃபெடரல் குற்றம் என்று எழுதியிருக்கும். அதற்கு அடியில்தான் உங்கள் கையெழுத்து.

பிறகு கடைக்காரர் பின்னணிச் சரிபார்ப்புக்கு அனுப்புவார். 1993-இன் பிரேடி சட்டத்தால் வந்து 1998 நவம்பரில் தொடங்கிய இந்த அமைப்பை எஃப்.பி.ஐ. நடத்துகிறது, கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தாங்களே சரிபார்க்கின்றன. நீதிமன்றங்கள் பதிவேற்றும் பாதுகாப்பு உத்தரவுகள் தேசியத் தரவுத்தளத்தில் தேடப்படும். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில்: கொடுக்கலாம், பொறுத்திருங்கள், மறுப்பு. உங்கள் குடும்பக் கதை கடைக்காரருக்குத் தெரியாது. அவர் திரையில் இந்த மூன்றில் ஒன்று மட்டும் வரும்.

மறுப்புன்னு வந்துடுச்சு. துப்பாக்கியைத் தொடவே இல்ல. அப்புறம் குற்றம் எங்கே?

படிவத்தில். வாங்கினாலும் சரி, வாங்க முயன்றாலும் சரி, அதற்காகக் கடைக்காரரிடம் தெரிந்தே பொய் சொன்னால் பிரிவு 922(ஏ)(6)-இன் கீழ் 10 ஆண்டு வரை சிறை. "முயற்சி" என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. துப்பாக்கி கைக்கு வரவில்லை என்பது இங்கே பதில் ஆகாது.

முன்பெல்லாம் மறுப்போடு பல நேரம் விஷயம் அங்கேயே நின்றுவிடும். 2022-இல் வந்த சட்டப்படி, மறுப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் அல்லது மாநிலப் போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். கடையிலிருந்து வீட்டுக்கு வந்து "நல்லவேளை, தப்பிச்சோம்" என்று நினைப்பவரின் வாசலில் மறுநாள் போலீஸ் நிற்க அது ஒன்று போதும். அந்தப் படிவமும் எங்கும் போய்விடாது. கடைக்குத் தொழில் இருக்கும் வரை படிவங்களை வைத்திருக்க வேண்டும் என்பதே இப்போதைய விதி.

பொய் சொன்னதுக்கு மட்டும் யாரையாவது நிஜமாவே உள்ளே தள்ளியிருக்காங்களா? சும்மா பயமுறுத்துறீங்களா?

ஊரறிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன், 2018 அக்டோபரில் டெலவேரில் ஒரு ரிவால்வர் வாங்கும்போது, போதைப்பொருள் பயன்படுத்துகிறீர்களா என்ற கட்டத்தில் "இல்லை" போட்டார். துப்பாக்கி அவரிடம் இருந்தது 11 நாள். யாரையும் சுடவில்லை. 2024 ஜூனில் நடுவர் குழு மூன்று குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்றது: கடைக்காரரிடம் பொய், படிவத்தில் பொய், தடை இருந்தும் வைத்திருந்தது. அந்த டிசம்பரில், அப்போது அதிபராக இருந்த தந்தையின் பொதுமன்னிப்பு கிடைத்ததால் சிறைக்குப் போகவில்லை.

அவருடைய கட்டம் வேறு, தடை உத்தரவுக்கான கட்டம் வேறு. ஆனால் படிவம் ஒன்று, சட்டம் ஒன்று. ஒரே ஒரு கொள்முதலில் மூன்று குற்றச்சாட்டுகள் எப்படி முளைக்கின்றன என்று பார்க்கத்தான் இதைச் சொன்னேன்.

எனக்கு உண்மையாவே தெரியாம "இல்லை" போட்டுட்டேன். தெரியாம செஞ்சா குற்றமா?

எது தெரியாது என்பதைப் பொறுத்தது. 2019-இல் ரெஹைஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம், துப்பாக்கி வைத்திருந்தது தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தான் தடை செய்யப்பட்ட வகையில் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. உத்தரவே கைக்கு வரவில்லை, விசாரணைத் தகவலே கிடைக்கவில்லை என்றால் அது பெரிய வாதம். உடனே வக்கீலிடம் சொல்லுங்கள்.

"உத்தரவு இருப்பது தெரியும், ஆனால் அதனால் துப்பாக்கி வாங்கக் கூடாது என்ற சட்டம் தெரியாது" என்பது வேறு பேச்சு. அது பொதுவாக எடுபடாது. ஆங்கிலம் சரளமில்லாதவர்கள் உத்தரவு வாசிக்கப்படும்போது தலையாட்டிவிட்டு வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். தலையாட்டாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீதிபதியிடம் கேளுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

மூணு நாள் ஆகியும் பதில் வரல, கடைக்காரர் கொடுத்துட்டார். அரசாங்கமே தடுக்கலையே?

மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் கொடுக்க ஃபெடரல் சட்டம் அனுமதிக்கிறது. அது கடைக்காரருக்கான அனுமதி. உங்கள் மீதுள்ள தடை அப்படியேதான் இருக்கும். பின்னால் பதிவு கிடைத்து மறுப்பு என்று தெரிந்தால், துப்பாக்கியைத் திரும்ப எடுக்க ஃபெடரல் அதிகாரிகள் வருவார்கள். அப்போது நீங்கள் தடை செய்யப்பட்ட ஆள், கையில் துப்பாக்கி, படிவத்தில் "இல்லை".

தனி ஆள்கிட்ட வாங்கினா படிவமும் இல்ல, சரிபார்ப்பும் இல்லையாமே?

பல மாநிலங்களில் அப்படித்தான். தொழிலாக விற்காத தனிநபர் பின்னணி பார்க்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொல்லவில்லை. கலிஃபோர்னியா போன்ற இடங்களில் தனிநபர் விற்பனையும் லைசென்ஸ் கடை வழியாகத்தான் நடக்க வேண்டும். எப்படி வாங்கினாலும் உங்கள் தடை மாறாது. படிவம் இல்லாததால் பொய் சொன்ன குற்றம் இல்லாமல் போகலாம். 15 ஆண்டுக் குற்றம் அப்படியே நிற்கும்.

இந்த வழி எங்கே கொண்டு விட்டது என்பதற்கு விஸ்கான்சினில் ஒரு நிகழ்வு இருக்கிறது, அதைக் கடந்து போக என்னால் முடியவில்லை. 2012 அக்டோபரில் ஒருவர் மீது மனைவி கேட்ட நான்கு வருடத் தடை உத்தரவு போடப்பட்டது. துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அதிலேயே இருந்தது. இரண்டு நாள் கழித்து அவர் இணைய விளம்பரம் பார்த்து, ஒரு உணவகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் தனி ஆள் ஒருவரிடம் 500 டாலருக்குக் கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் மனைவி வேலை பார்த்த அழகு நிலையத்துக்குப் போய் மனைவியையும் இன்னும் இரண்டு பெண்களையும் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்த மனைவி நீதிமன்றத்தில் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருந்தார். நீதிபதி போட வேண்டியதைப் போட்டிருந்தார். "தனி ஆள்கிட்ட வாங்கலாமா" என்று யாராவது சாதாரணமாகக் கேட்கும்போது எனக்கு அந்த மூன்று நாள்தான் ஞாபகம் வரும்.

தம்பி பேர்ல வாங்கிட்டா? அவன் மேல எந்த வழக்கும் இல்லையே.

நம் ஊரில் பினாமி என்று சொல்வோமே, அதேதான். 4473 படிவத்தின் முதல் கேள்விகளில் ஒன்று, உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்பது. தம்பி "ஆம்" போட்டால் அவன் பொய் சொல்கிறான். 2014-இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரியப்பாவோ மாமாவோ முறையில் ஒரு சொந்தக்காரருக்காக வாங்கிய ஆள் மீதான தண்டனையை உறுதி செய்தது. அந்தச் சொந்தக்காரருக்குத் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லை. அப்போதும் பொய் பொய்தான் என்றது.

வாங்கித் தருவது தடை உள்ளவருக்கு என்றால் இன்னும் மோசம். 2022-இல் பினாமிக் கொள்முதலுக்கென்றே தனிப் பிரிவு வந்தது: 15 ஆண்டு வரை, அந்தத் துப்பாக்கி கடுங்குற்றம், பயங்கரவாதம், போதைக் கடத்தல் இவற்றுக்குப் போகும் என்று தெரிந்தே செய்தால் 25 ஆண்டு வரை. தெரிந்தோ, தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தோ தடை உள்ளவருக்குத் துப்பாக்கியை விற்பதும் சும்மா கொடுப்பதும்கூடத் தனிக் குற்றம். அண்ணனுக்காகப் பாசத்தில் கையெழுத்துப் போட்டு, எந்த வழக்கும் இல்லாத தம்பி முதல் குற்றவாளியாக நிற்க நேரும்.

உத்தரவுக்கு முன்னாடியே வாங்கினது வீட்ல இருக்கு. புதுசா வாங்கலையே?

வைத்திருப்பதும் வாங்குவதைப் போலவே தடை. அலமாரிச் சாவி உங்களிடம் இருந்தால், நண்பர் வீட்டில் இருந்தாலும் "எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்ற நிலை இருந்தால், அது உங்கள் வசம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். 2015-இல் ஹென்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தடை உள்ளவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றவோ நீதிமன்றம் வழி செய்யலாம், ஆனால் அதன் மீது அவருக்குப் பிடி எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்று சொன்னது. ஒப்படைக்கும் முறை உங்கள் உத்தரவிலேயே இருக்கும். துப்பாக்கியைக் காரில் போட்டுக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். முதலில் போன் செய்து எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள்.

தோட்டா மட்டும் வாங்கலாமா? பாகமா வாங்கி நானே சேர்த்துக்கிட்டா?

தோட்டாவும் ஃபெடரல் தடைக்குள் வருகிறது. ஒரே ஒரு தோட்டா போதும். பாகங்களாக விற்கும் செட்டுகளைப் பற்றி 2022-இல் வந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. எளிதில் துப்பாக்கி ஆகிவிடக்கூடிய செட்டையும் துப்பாக்கியாக நடத்தலாம் என்பதே அதன் சாரம். சேர்த்து முடித்த பிறகு கையில் இருப்பது எப்படியும் துப்பாக்கிதான்.

அவளே மன்னிச்சுட்டா, இப்ப ஒரே வீட்ல இருக்கோம். உத்தரவு செல்லாதுதானே?

செல்லும். உத்தரவு நீதிமன்றத்துடையது. அவர் மன்னிக்கலாம், சமைத்துப் போடலாம், உங்களுக்காகச் சாட்சி சொல்லலாம். உத்தரவை மாற்றவோ நீக்கவோ நீதிபதியால் மட்டும்தான் முடியும். அதற்கு மனு போடும் வழி இருக்கிறது. நீதிபதி கையெழுத்திட்ட புதிய தாள் கைக்கு வரும் வரை பழைய தாள்தான் பேசும்.

நான் எதையும் ஒத்துக்கவே இல்லை. சண்டை வேண்டாம்னு சம்மதிச்சு கையெழுத்து போட்டேன், அவ்வளவுதான்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் உத்தரவுக்கு மட்டும் சம்மதிப்பது வழக்கமாக நடப்பதுதான். ஃபெடரல் பிரிவு கேட்பது, பேச உங்களுக்கு வாய்ப்பு இருந்ததா என்பதைத்தான். வாய்ப்பு இருந்து அதை விட்டுக்கொடுத்தாலும் தடை நிற்கும். அடுத்த கேள்வியில் வரும் ரஹிமியும் தன் மீதான உத்தரவை எதிர்த்து வாதாடவில்லை. கையெழுத்துப் போடுமுன் "இதனால் துப்பாக்கி, வேலை, விசா மூன்றுக்கும் என்ன ஆகும்" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இரண்டாம் திருத்தம்னு அரசியல் சட்டத்திலேயே துப்பாக்கி வெச்சுக்கிற உரிமை இருக்கே. எப்படிப் பறிக்கலாம்?

இதைத்தான் ரஹிமி கேட்டார். டெக்சஸின் ஆர்லிங்டனில் 2019 டிசம்பரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில், தன் பிள்ளையின் தாயான காதலியைத் தாக்கி, பார்த்தவர் இருந்த பக்கமாகச் சுட்டார் என்பதிலிருந்து அந்த வழக்கு தொடங்குகிறது. 2020 பிப்ரவரியில் இரண்டு வருட உத்தரவு வந்தது. அடுத்து சில இடங்களில் நடந்த துப்பாக்கிச்சூடுகளில் போலீஸ் அவரைச் சந்தேகித்து அறையைச் சோதனை போட்டபோது ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள், தோட்டாக்கள். கூடவே அந்த உத்தரவின் பிரதியும் இருந்தது. 73 மாதச் சிறை.

ஐந்தாம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் இந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. அப்போது பலர் "தடை போயிடுச்சாமே" என்று கேட்டார்கள். 2024 ஜூன் 21-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அதைத் திருப்பியது. இன்னொருவரின் உடலுக்கு உண்மையான அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். மாறுபட்டவர் நீதிபதி தாமஸ் ஒருவரே. அந்தத் தீர்ப்பு இரண்டாம் கேள்வியில் சொன்ன "அச்சுறுத்தல் கண்டறிதல்" வகையை நேராகத் தீர்த்தது. கண்டறிதல் இல்லாமல் பலாத்காரத் தடை மட்டும் உள்ள உத்தரவைப் பற்றி வக்கீல் வாதாட இன்னும் இடமிருக்கிறது. வாதாடும் இடம் நீதிமன்றம். துப்பாக்கியை வாங்கிவிட்டு அதைச் சோதித்துப் பார்ப்பது ஆபத்து.

சிவப்புக்கொடிச் சட்டம்னு சொல்றாங்களே, அது இதுதானா?

வேறு. அதில் குடும்ப உறவு வேண்டியதில்லை. ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று போலீஸோ குடும்பத்தாரோ கேட்டால், நீதிமன்றம் துப்பாக்கியை மட்டும் குறிவைத்து உத்தரவு போடும். கனெக்டிகட் 1999-இல் முதலில் கொண்டுவந்தது. 2018-இல் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு நிறைய மாநிலங்கள் பின்பற்றின. இதை மீறினால் மாநிலச் சட்டப்படி தண்டனை. கலிஃபோர்னியாவில் மீறியவருக்குச் சிறுகுற்ற வழக்கோடு ஐந்தாண்டு கூடுதல் தடையும் வரும்.

உத்தரவு நியூ ஜெர்சியில. நான் இப்ப டெக்சஸ் வந்துட்டேன். இங்க வாங்கலாமா?

ஒரு மாநிலம் முறையாகப் போட்ட பாதுகாப்பு உத்தரவை மற்ற மாநிலங்களும் மதித்து நிறைவேற்ற வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம். தரவுத்தளமும் நாடு முழுக்க ஒன்று. நியூ ஜெர்சியில் இறுதி உத்தரவுக்குக் காலாவதித் தேதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து வருடம் முன் வந்தது என்றாலும், யாரும் நீக்கக் கேட்கவில்லை என்றால் அது உயிரோடுதான் இருக்கும்.

என் மேல குற்றப்பத்திரிகைதான் இருக்கு, தண்டனை இல்ல. ஜாமீன்ல இருக்கேன்.

ஓராண்டுக்கு மேல் தண்டனை வரக்கூடிய குற்றத்துக்குக் குற்றப்பத்திரிகை இருந்தால், பிரிவு 922(என்) புதிதாகத் துப்பாக்கி பெறுவதைத் தடுக்கிறது. மீறினால் ஐந்து ஆண்டு வரை. ஏற்கெனவே இருப்பதை வைத்திருப்பதை அந்தப் பிரிவு தொடாது. ஆனால் ஜாமீன் நிபந்தனை தொடும். துப்பாக்கி கூடாது என்று நிபந்தனையில் இருந்தால், மீறியதும் ஜாமீன் ரத்தாகி, வழக்கு முடியும் வரை உள்ளே இருக்க நேரலாம்.

நான் போலீஸ் வேலையில இருக்கேன். டியூட்டிக்குத் துப்பாக்கி வேணுமே?

அரசுப் பணிக்காக அரசு தரும் துப்பாக்கிக்கு, உத்தரவு சார்ந்த ஃபெடரல் தடையிலிருந்து விலக்கு உண்டு. சொந்தத் துப்பாக்கிக்கு இல்லை. தனியார் செக்யூரிட்டி வேலைக்கும் இல்லை. உத்தரவோடு நிற்காமல், குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்தில் தண்டனையே வந்துவிட்டால் 1996-இன் லாட்டன்பர்க் திருத்தப்படி டியூட்டித் துப்பாக்கிக்கும் விலக்கு கிடையாது.

நான் எச்-1பி, அவர் கிரீன் கார்டு. இதுல விசா பிரச்சினை ஏதாவது வருமா?

நம்மவர்கள் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், உத்தரவு இல்லாவிட்டாலும், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம், அவர் மீது வேறு தடை இல்லாதவரை.

குடியுரிமை இல்லாத யாராக இருந்தாலும், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்த அது தனிக் காரணம். சட்ட வாசகத்தில் வாங்குவது, விற்பது, வைத்திருப்பது, அவற்றுக்கு முயல்வது எல்லாமே இருக்கிறது. அதோடு, மிரட்டல், வன்முறை, தொடர் துன்புறுத்தல் ஆகியவற்றிலிருந்து காக்கும் பகுதியை மீறியதாக நீதிமன்றம் கண்டறிந்தால், அதுவும் தனிக் காரணம். இருபது வருடம் கிரீன் கார்டில் இருந்தவருக்கும் இது பொருந்தும். கிரிமினல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் குடியேற்ற விளைவுகளை வக்கீல் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

உத்தரவு முடிஞ்ச அடுத்த நாளே வாங்கலாமா?

உத்தரவு சார்ந்த ஃபெடரல் தடை, அந்த உத்தரவு உயிரோடு இருக்கும் வரைதான். முடிந்துவிட்டால் அந்தத் தடை போகும். ஆனால் மூன்றைச் சரிபார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்: உத்தரவு நீட்டிக்கப்பட்டிருக்கிறதா, இடையில் வேறு தண்டனை வந்ததா, மாநிலச் சட்டத்தில் கூடுதல் தடை உண்டா. நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் உத்தரவின் இன்றைய நிலைக்குச் சான்று பிரதி கேட்டால் கொடுப்பார்கள்.

நான் உத்தரவு வாங்கினவ. அவர் துப்பாக்கி வாங்கியிருக்கார்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. நான் என்ன செய்யணும் அக்கா?

இப்போதே ஆபத்து என்று தோன்றினால் 911. அழைத்ததும் முதல் வாக்கியத்திலேயே "பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது, அவரிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். உடனடி ஆபத்து இல்லையென்றால், உத்தரவின் பிரதியோடு போலீஸிடம் புகார் கொடுங்கள். யார் சொன்னார்கள், எப்போது, படமோ செய்தியோ இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். அவரைக் கூப்பிட்டு நேரில் கேட்காதீர்கள். அவருடைய வீட்டுக்குப் போய்த் தேடாதீர்கள்.

உத்தரவு போட்ட நீதிமன்றத்திலும் மனு போடலாம். துப்பாக்கி ஒப்படைத்த ரசீது கோப்பில் இருக்கிறதா என்று எழுத்தரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதையே நீதிபதியிடம் சொல்லலாம். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, 24 மணி நேரமும். உத்தரவின் ஒரு பிரதி கைப்பையில், ஒன்று காரில், ஒன்று பிள்ளையின் பள்ளி அலுவலகத்தில்.